நீங்க யாரு சார்பா வந்திருக்கீங்க?

எங்க ப்ராஜெக்ட்ல கெய்ரோக்காரர் ஒருத்தர் இருக்கார். ஒருநாள் டீ குடிக்கும்போது அவங்க ஊர் அரசியல் பக்கம் பேச்சு போச்சு. "எங்க தாத்தா வஃப்து கட்சிக்காரர். அப்பா வஃப்து பேப்பர் வாங்குவார். நான் அந்தக் கட்சிக்கு ஒரு ஓட்டு கூட போட்டதில்ல"ன்னு சிரிச்சுகிட்டே சொன்னார். மூணு தலைமுறையில ஒரு கட்சி எப்படி இப்படி ஆகும்? வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பிச்சேன். அதோட விளைவுதான் இந்தப் பதிவு.

'வஃப்து'ன்னா அரபில தூதுக்குழு. 1918 நவம்பர் 13ம் தேதி சாத் ஸக்லூலும் இன்னும் ரெண்டு பேரும் பிரிட்டிஷ் ஹை கமிஷனரைப் பார்த்து, எங்களுக்கு விடுதலை வேணும்னு கேட்டாங்க. எகிப்து மக்கள் சார்பா பேச உங்களுக்கு என்ன உரிமைங்கற கேள்வி உடனே எழுந்துச்சு. பதிலுக்கு அவங்க செஞ்சது ரொம்ப எளிமையான வேலை. ஊர் ஊரா ஆள் அனுப்பி, "இவங்க எங்க சார்பா பேசலாம்"னு ஜனங்ககிட்ட கையெழுத்து வாங்கினாங்க. 1919 மார்ச்ல ஸக்லூலைப் பிடிச்சு மால்ட்டாவுக்கு நாடு கடத்தினதும் நாடே தெருவுக்கு வந்துடுச்சு. முஸ்லிம்களும் காப்டிக் கிறிஸ்தவர்களும் பிறையும் சிலுவையும் சேர்ந்த கொடியைத் தூக்கிட்டு நடந்தாங்க. பெண்களும் ஊர்வலம் போனாங்க.

1924 தேர்தல்ல சுமார் 90 சதவீத இடம் வஃப்துக்கு. அடுத்த வருஷமும் அவங்க கைதான் ஓங்கியிருந்துச்சு. ஸக்லூலை சபாநாயகரா தேர்ந்தெடுத்த அன்னிக்கே மன்னர் பாராளுமன்றத்தைக் கலைச்சுட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1924ல இருந்து 1952 வரைக்கும் ஒழுங்கா நடந்த தேர்தல்ல எல்லாம் வஃப்துதான் ஜெயிச்சுது. ஆனா வஃப்து பிரதமர்கள் ஆண்டது மொத்தம் 8 வருஷத்துக்கும் குறைவு. ஓட்டு ஜனங்க போடுவாங்க, நாற்காலியை அரண்மனையும் பிரிட்டிஷ் தூதரும் முடிவு பண்ணுவாங்க.

இதுவரைக்கும் எனக்கு இந்தக் கட்சி மேல மரியாதைதான். சறுக்கல் 1942 பிப்ரவரி 4ம் தேதி. உலகப்போர் நேரம், ரோம்மெல் படை பாலைவனத்துல வந்துகிட்டிருக்கு. பிரிட்டிஷ் டாங்கிகள் அப்தீன் அரண்மனையைச் சுத்தி நின்னு, வஃப்து தலைவர் நஹ்ஹாஸைப் பிரதமர் ஆக்குன்னு மன்னர் ஃபாரூக்கை மிரட்டுது. நஹ்ஹாஸ் அந்தப் பதவியை வாங்கிக்கிட்டார். பிரிட்டிஷ்காரனை எதிர்த்துப் பிறந்த கட்சி பிரிட்டிஷ் டாங்கி மேல ஏறி ஆட்சிக்கு வந்துடுச்சு! 1950ல மறுபடி ஜெயிச்சாங்க, உண்மைதான். ஆனா 1952ல ராணுவம் வந்து, 1953ல கட்சிகளைக் கலைச்சப்போ, 1919ல நடந்த மாதிரி தெரு நிறையல.

1978ல ஃபுவாத் ஸிராகுத்தீன் கட்சிக்கு மறுபடி உயிர் கொடுத்தார். சாதாத் நெருக்கடியில சில மாசத்துலயே தாங்களே கடையை மூடிட்டு, 1984ல திரும்ப வந்தாங்க. பாராளுமன்றத்துக்குள்ள போக 8 சதவீத ஓட்டு வேணும்னு விதி. அதுக்காக முஸ்லிம் சகோதரத்துவ அமைப்போட கூட்டணி. 58 இடம் கிடைச்சுது. பிறையும் சிலுவையும் சேர்த்துப் பிடிச்ச கட்சி இப்படிப் பண்ணலாமான்னு எழுத்தாளர் ஃபரஜ் ஃபோதா வெளியே போயிட்டார். 1987ல தனியா நின்னு சுமார் 35 இடம். 1990ல புறக்கணிப்பு. 1995ல 6 இடம். 2005 ஜனாதிபதி தேர்தல்ல வஃப்து வேட்பாளர் நுஃமான் கும்ஆ 3 சதவீதம் கூட வாங்கல. வஃப்துல இருந்து பிரிஞ்சு போன அய்மன் நூர் 7 சதவீதத்துக்கு மேல வாங்கி ரெண்டாவதா வந்தார். அடுத்த வருஷம் கட்சி ஆபீஸைக் கைப்பத்த அவங்களுக்குள்ளேயே துப்பாக்கிச் சூடு.

முபாரக் போனப்புறம் 2011-12 தேர்தல்ல சுமார் 9 சதவீத ஓட்டு, 38 இடம். நூறு வருஷப் பேருக்கு ஜனங்க கொடுத்த கடைசி கடன்னு எனக்குத் தோணுது. 2018ல தலைவர் ஸய்யித் அல் பதவி ஜனாதிபதி தேர்தல்ல நிப்பார்னு பேச்சு வந்துச்சு. கட்சியே வேணாம்னு சொல்லிட்டு ஸிஸியை ஆதரிச்சுது. 2020ல 26 இடம் கிடைச்சுது, அதுல பெரும்பாலானது அரசு ஆதரவுக் கட்சி தலைமையிலான பட்டியல்ல இருந்து. 2023 டிசம்பர்ல வஃப்து தலைவர் யமாமா ஜனாதிபதி தேர்தல்ல நின்னார். நாலு பேர்ல நாலாவது, 2 சதவீதத்துக்கும் கீழ.

"அவசரச் சட்டம், கள்ள ஓட்டு, ஜெயில் இதுக்கு நடுவுல அவங்க என்னதான் பண்ண முடியும்?"னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. ஆபீஸ்ல ஏசியில உக்காந்து இதை எழுதற எனக்கு வீரம் பேச உரிமை இல்ல. ஆனா 1919லயும் ஜெயில் இருந்துச்சு, நாடுகடத்தல் இருந்துச்சு. அப்போ அவங்க கையில கையெழுத்து இருந்துச்சு.

நடுநிலைக் கட்சின்னாலே தேயும்னு நான் சொல்ல வரல. நடுவுல நிக்கறது தப்பே இல்ல. நிக்கற இடத்தை யார்கிட்ட வாங்கறோம்ங்கறதுதான் விஷயம். டாங்கி கொடுத்த இடம், கூட்டணி கொடுத்த இடம், அரசுப் பட்டியல் கொடுத்த இடம், இதெல்லாம் கொடுத்தவன் திருப்பிக் கேட்டா போயிடும். 1918ல எழுந்த அதே கேள்வியை இன்னிக்கு வஃப்துகிட்ட கேட்டா, காட்ட அவங்ககிட்ட என்ன காகிதம் இருக்கு?

கெய்ரோ நண்பர்கிட்ட இதைச் சொன்னேன். "தாத்தாவும் அன்னிக்கு ஒரு கையெழுத்து போட்டிருப்பார். அதை அவங்க தொலைச்சுட்டாங்க"ன்னார்.

மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல வந்து திட்டுங்க மக்கா.