பிந்தி வரும் டிரைவரும் மலையகத்தின் பழைய கணினிகளும்

ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் நடக்கும் மாலை வகுப்புக்கு அண்மையில் போயிருந்தேன். கொழும்பில் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட ஐந்து கணினிகள் அங்கே இருக்கின்றன. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்த பிறகு, வகுப்பை நடத்தும் இளைஞர்கள் அவற்றில் லினக்ஸை நிறுவியிருந்தார்கள். நான்கு நன்றாக ஓடின. ஐந்தாவதில் பாட வீடியோவைப் போட்டால் படம் கிழிந்து கிழிந்து தெரிந்தது. தேடிப் பார்த்தோம். திருத்தம் எழுதப்பட்டு மாதங்களாகிவிட்டன. அது சேர்ந்த பதிப்புத்தான் இன்னும் வெளிவரவில்லை. “எப்ப வரும் அக்கா?” என்று ஒரு மாணவி கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

கணினியின் கிராபிக்ஸ் சிப்புக்கும் திரையில் நாம் பார்ப்பதற்கும் இடையில் நிற்கும் மென்பொருள்தான் டிரைவர். திறந்த மூல உலகில் அதன் நிரல் அனைவருக்கும் தெரியும்படியே எழுதப்படுகிறது. ஆனால் எழுதப்படுவது வேறு, வெளியீடாக வருவது வேறு. வெளியீடு வந்தால்தான் உபுண்டு, டெபியன் போன்றவை அதைப் பொதிசெய்து நமது கணினிக்கு அனுப்பும்.

இந்த இடைவெளி எவ்வளவு நீளலாம் என்பதற்கு இன்டெல் சிப்களுக்கான பழைய எக்ஸ் டிரைவர் நல்ல உதாரணம். அதன் கடைசி நிலையான பதிப்பு 2.21.15, வந்தது 2013இல். அடுத்ததாக எதிர்பார்க்கப்பட்ட 3.0க்கான முன்னோட்டங்கள் 2014 டிசெம்பரில் 2.99.917 வரை வந்தன. 3.0 வரவேயில்லை. நிரல் வேலை மட்டும் அதன் பிறகும் தொடர்ந்தது. விநியோகங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளின் நிரலை எடுத்துப் பொதிசெய்தன. 2016இல் டெபியனும் உபுண்டுவும் பெரும்பாலான இன்டெல் சிப்களுக்குப் பொதுவான வேறொரு டிரைவரை முதன்மையாக்கின.

மறுபுறம் 1993இல் பிரையன் போல் தொடங்கிய மெசா இருக்கிறது. இன்று அது மூன்று மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு, இரண்டு வாரத்துக்கு ஒரு திருத்தப் பதிப்பு என்று நாட்காட்டி போட்டு வேலை செய்கிறது. கடுமையான பிழை தென்பட்டால் திகதி தள்ளிப்போகும். ஆனால் தள்ளிப்போனது தெரியும். 2022இல் 22.0 பதிப்பிலிருந்து மிகப் பழைய சிப்களின் டிரைவர்களை நீக்கியபோதும், அவற்றை ‘அம்பர்’ என்ற தனிக் கிளையில் வைத்தார்கள்.

தாமதத்துக்குச் சோம்பேறித்தனம் காரணமல்ல. வெளியீட்டைப் பொறுப்பேற்போர் ஒருசிலரே. எழுதுவோரில் பலர் இன்டெல், ஏஎம்டி, ரெட் ஹெட் போன்ற நிறுவனங்களின் ஊழியர்கள். நிறுவனத்தின் கவனம் புதிய சிப்புக்குப் போனால் அவர்களின் நேரமும் அங்கே போகும். பழைய சிப்பைச் சோதிக்க அந்தச் சிப் கையிலிருக்கும் ஆள் வேண்டும்.

கொழுந்துச் சுற்று பிந்தினால் இலை முற்றிவிடும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். 2015 மார்ச்சில் காலாவதியான கூட்டு ஒப்பந்தம் 2016 ஒக்டோபரில்தான் மீண்டும் கைச்சாத்தானது. பதினெட்டு மாதங்களுக்கு மேலான அந்தத் தாமதத்தின் சுமை யார் தலையில் விழுந்தது என்பதும் தெரியும். இரண்டும் ஒன்றல்ல. மென்பொருளை இலவசமாகத் தருபவர் நமக்குக் கடன்பட்டவரல்லர். ஆனாலும் திகதியில்லாத காத்திருப்பின் விலையைக் கடைசியில் கட்டுவது மாற்றுக் கணினி வாங்க முடியாதவர்தான்.

ஆகவே பழைய கணினிகளை நன்கொடையாகத் தருவோரும், அவற்றைப் பாடசாலைகளுக்குப் பகிர்ந்தளிக்கும் அதிகாரிகளும் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது. உள்ளே இருக்கும் சிப்புக்கு இன்னும் பராமரிக்கப்படும் டிரைவர் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். நீண்டகால ஆதரவுள்ள பதிப்பையே நிறுவ வேண்டும். புதுப்பித்தலை ஒரு கணினியில் சோதித்த பிறகே மற்றவற்றுக்குக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. உலகம் கைவிட்ட சிப்கள் நமது வகுப்பறைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைச் சோதித்துச் சொல்லக்கூடிய இடத்தில் நாம் இருக்கிறோம். அன்று மாலை அந்த மாணவி சிப்பின் பெயரையும் பதிப்பு இலக்கங்களையும் பார்த்துச் சொல்ல, பிழை அறிக்கையை எழுதி அனுப்பினோம். பதில் எப்போது வரும் என்று தெரியாது. ஆனால் காத்திருப்போர் பட்டியலில் இப்போது இந்தத் தோட்டத்துக் கணினியும் இருக்கிறது.