ரயிலின்மேல் பொய்ச்சாட்சி



“ரயில் லேட், சார்.” திங்கட்கிழமை காலையில் ஆவடிக்கும் சென்ட்ரலுக்கும் இடையே எத்தனை கைபேசிகளில் இச்சொல் ஒலிக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். சில நாள்களில் அது உண்மை. பேசின் பிரிட்ஜ் அருகே சிக்னலுக்காகக் காத்துக் கிடந்த அனுபவம் எனக்கும் உண்டு. அதற்காக ரயில்வேக்கு மனு எழுதுங்கள். முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கட்டும். நான் பேச வந்தது மற்ற நாள்களைக் குறித்து. ரயில் நேரத்துக்கு வந்தது, நாம் வரவில்லை. பழியை ரயிலின்மேல் சுமத்தினோம். வாயில்லாப் பொருளின்மேல் சொன்னாலும் பொய்ச்சாட்சி பொய்ச்சாட்சியே.

நம் பேச்சுவழக்கு நம்மைவிட நேர்மையானது. வீட்டில் “ட்ரெயினை விட்டுட்டேன்” என்றுதான் சொல்கிறோம். விட்டவர் யார் என்பதில் அங்கே ஐயமில்லை. அலுவலக வாசலை நெருங்கும்போதுதான் எழுவாய் மாறிவிடுகிறது. 1856-இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது நம் அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான். 1906-இல் இந்திய நேரம் நடைமுறைக்கு வருமுன் நாட்டின் ரயில்கள் சென்னை நேரத்தைப் பின்பற்றின. ரயில்களுக்கு நேரம் கொடுத்த ஊரார் நாம்!

பத்து நிமிடம்தானே என்பீர்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரவுப்பணி செய்தவர், அடுத்தவர் வந்து பொறுப்பேற்கும்வரை இயந்திரத்தை விட்டு நகர முடியாது. செவிலியருக்கும் அப்படியே. நீங்கள் பட்டரவாக்கத்தில் பிந்தி இறங்கிய பத்து நிமிடத்தை, இரவெல்லாம் நின்ற ஒருவர் தம் கால்வலியால் ஈடுகட்டுகிறார். அவர் வீடு திரும்ப வேண்டிய ரயிலும் போய்விடுகிறது. அவர் பெயர் உங்களுக்குத் தெரியும்.

மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின் பத்துக் கன்னிகைகளை நினைத்துப் பாருங்கள். பத்துப் பேருமே உறங்கினார்கள். குறை உறக்கத்தில் இல்லை. எண்ணெய் வாங்கப் போயிருந்த வேளையில் மணவாளன் வந்துவிட்டார். காலை எட்டு மணிக்கு அம்பத்தூர் நிலையத்தின் பயணச்சீட்டு வரிசையைக் காணும்போதெல்லாம் அந்த ஐவரே என் நினைவுக்கு வருகிறார்கள். சீசன் டிக்கெட்டை முந்தின நாளே புதுப்பித்திருக்கலாம், கைபேசியிலேயே எடுத்திருக்கலாம். பூந்தமல்லிக்கு மின்சார ரயில் கிடையாது. அங்குள்ள நம் சபையார் பேருந்தில் ஆவடிக்கு வந்துதான் ரயிலேற வேண்டும். அவர்கள் பிந்துவதில்லை. நான் கண்டவரை, பிந்துகிறவர்கள் நிலையத்துக்குப் பின்தெருவில் குடியிருப்பவர்கள்.

சகோதரரே, இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டேன். நான்கு பேருக்கு டிபன் கட்டிவிட்டுக் கடைசியாக வீட்டைப் பூட்டி ஓடிவரும் உங்கள் மனைவியின் தாமதம் அவர் கணக்கில் சேராது. இரண்டாம் காப்பி கேட்டவரின் கணக்கில் சேரும்.

தாமதத்தைவிடக் கொடியது, அதை ஈடுகட்டத் தண்டவாளத்தில் இறங்குவது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவு அதைக் குற்றம் என்கிறது. பிரேக் பிடித்த இடத்திலேயே ரயில் நிற்காது. முன்னே ஒரு மனிதர் நிற்பதைக் கண்டும் ஒன்றும் செய்ய இயலாத ஓட்டுநருக்கும் குடும்பம் உண்டு. நடைமேம்பாலம் ஏறி இறங்க இரண்டு நிமிடம் ஆகும். நானும் ஒருமுறை அன்னனூரில் தண்டவாளத்தைக் கடந்தேன். அடக்க ஆராதனைக்கு நேரமாகிவிட்டது என்பது என் சாக்கு. போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடாமல் எனக்காகக் காத்திருந்தார்கள். மூச்சு வாங்க ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் என்பது இன்றும் நினைவில்லை.

நம் சபையின் அறிவிப்புப் பலகையில் ஆராதனை காலை எட்டு மணிக்கு என்று எழுதியிருக்கிறது. “எல்லாரும் வரட்டும்” என்று எட்டே இருபதுக்குத் தொடங்கி உங்களைப் பழக்கியவன் நான்தான். வருகிற ஞாயிறு எட்டு மணிக்கு முதல் ஜெபம் ஏறெடுக்கப்படும். நால்வர் இருந்தாலும் சரி.