அந்தக் கைகளுக்கு யார் பிளாஸ்டர் குழைத்தார்கள்?

1860 மே மாதம். லிங்கன் அதிபர் வேட்பாளராக அறிவிக்கப்பட்ட சில நாள்களில், லியோனார்ட் வோல்க் என்ற சிற்பி ஸ்பிரிங்ஃபீல்டில் அவர் வீட்டுக்குப் போய் இரண்டு கைகளுக்கும் பிளாஸ்டர் அச்சு எடுத்தார். வாழ்த்த வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்துக் கொடுத்து வலது கை வீங்கியிருந்தது. அந்தக் கையில் பிடிக்க ஏதாவது வேண்டும் என்றதும் லிங்கனே போய்த் துடைப்பக் கட்டையை அறுத்து எடுத்துவந்தார். இடது கட்டைவிரலில் கோடரி பட்ட பழைய தழும்பு.

இந்த அச்சோடு நமக்குச் சண்டை இல்லை. உழைத்த கை என்பதை அது மறைக்கவில்லை. அதை வைத்துப் பிறகு செய்த வேலையோடுதான் சண்டை.

1886இல் சந்தா திரட்டி வெண்கலப் படிகள் வார்த்தார்கள். 1887இல் சிகாகோவில் செயின்ட்-காடன்ஸ் நிறுவிய லிங்கன் சிலைக்கு இந்த அச்சுகள் உதவின. வாஷிங்டன் நினைவகச் சிலையைச் செய்த டேனியல் செஸ்டர் பிரெஞ்சும் இவற்றைப் பயன்படுத்தினார். ஆனால் வோல்க் எடுத்த கை மூடியிருந்தது. இவருக்கு விரிந்த கை வேண்டும். தன் கைக்கே அச்சு எடுத்தார். ஆக, 'விடுதலை தந்த கை'யில் சிற்பியின் கையும் கலந்திருக்கிறது!

அதே நகரில் 1876இல் திறந்த தாமஸ் பாலின் சிலையைப் பாருங்கள். கை நீட்டி நிற்கிறார் லிங்கன். கீழே, விலங்கு அறுந்தும் எழாமல் மண்டியிட்ட கறுப்பர். அதற்குப் பணம் கொடுத்தவர்கள் விடுதலையான கறுப்பின மக்கள்தான். முதல் 5 டாலர், சார்லட் ஸ்காட் என்ற பெண்ணின் சம்பாத்தியம். பணம் அவர்களுடையது, வடிவத்தை முடிவு செய்தவர்கள் வெள்ளையர்கள். ('நாங்கள்தான் உங்களைத் தூக்கிவிட்டோம்' என்று நீளும் கைகளை நமக்கும் தெரியும்.)

சுமார் 1,80,000 கறுப்பினத்தவர் வடக்குப் படையில் போரிட்டார்கள். பருத்தி பறித்த கை, துப்பாக்கி பிடித்த கை. அவற்றுக்கு யார் பிளாஸ்டர் குழைத்தார்கள்?

ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி'யை அடிமை ஒழிப்புக்கு உழைத்த அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பித்தார். கவனியுங்கள் தோழர்களே, தலைவர் ஒருவருக்கு அல்ல, மக்களுக்கு.

சமூகவியல் வகுப்பில் எங்களுக்கு லிங்கனைச் சொல்லித்தந்தார்கள். 1922இல் அவர் நினைவகம் திறந்த நாளில் கறுப்பின மக்களைத் தனியே பிரித்து உட்காரவைத்ததைச் சொல்லவில்லை. பேச அழைக்கப்பட்ட ராபர்ட் மோட்டனின் உரையை முன்கூட்டியே வாங்கி வெட்டியதையும் சொல்லவில்லை. உங்கள் வகுப்பில் அந்தக் கையின் படத்தைக் காட்டினால், எழுந்து நின்று சார்லட் ஸ்காட் யார் என்று கேளுங்கள்.