சித்திரமும் பெண் விடுதலையும்

சித்திரம் என்றால் கண்ணுக்குக் குளிர்ச்சியாயிருக்க வேண்டும், கடவுளையோ, ராஜாவையோ, நகை பூட்டிய பெண்ணையோ காட்ட வேண்டும் என்பதாகவே நம் மக்களுக்கு வெகுகாலமாய்ச் சொல்லிக் கொடுக்கப்பட்டு வந்திருக்கின்றது. அப்படிப்பட்டவர்களிடம் போர்ச்சுக்கல் தேசத்துப் பவுலா ரேகோ அம்மையாரின் படங்களைக் காட்டினால், "மனித உடம்பில் முயல் தலையா? பெண்பிள்ளை நாயைப் போல் நாலு காலில் நின்று வாயைப் பிளப்பதா? இது சித்திரமா, பைத்தியமா?" என்றுதான் கேட்பார்கள்.

இப்படிக் கேட்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கின்றது என்று முதலில் கேட்கின்றோம். மனித உடம்பில் யானைத் தலை, சிங்கத் தலை, பன்றித் தலை, குதிரைத் தலை ஆகியவைகளை ஒட்டவைத்து வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கும் நாட்டில், முயல் தலை மாத்திரம் எப்படி விபரீதமாகிவிடும்? ரேகோ அம்மையார் தமது முயலுக்கு அபிஷேகம் செய்யச் சொல்லவில்லை, தட்சணையும் கேட்கவில்லை. கற்பனையைக் கற்பனை என்று சொல்லிக் காட்டுவது கலை. அதையே மெய்யென்று சொல்லி உண்டியல் வைப்பது புரட்டு. இரண்டுக்குமுள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

அந்த முயல் தலைகள் வந்த காரணத்தையும் பாருங்கள். ஈராக் யுத்தத்தில் குண்டுக்குத் தப்பிக் கதறியோடும் ஒரு சிறு பெண்ணின் போட்டோ 2003-ல் பத்திரிகையில் வந்தது. அதைக் கண்டே அம்மையார் "போர்" என்ற படத்தைத் தீட்டினார். யுத்தச் செய்தியை நாள்தோறும் படித்து மரத்துப்போன கண்ணுக்கு, குழந்தைகளின் துயரத்தை மறுபடியும் உறைக்கச் செய்ய அந்தப் பொய்த் தலைகள் வேண்டியிருந்தன.

அம்மையார் 1935-ல் லிஸ்பன் நகரில் பிறந்தவர். 2022-ல் லண்டனில் காலமானார். அவர் பிறந்தபோது போர்ச்சுக்கல்லை ஆண்டவர் சலசார் என்ற சர்வாதிகாரி. கடவுள், தேசம், குடும்பம் என்ற மூன்றையும் சொல்லியே மக்களை அடக்கிய அந்த ஆட்சி, அவருக்குப் பின்னும் நீடித்து 1974 ஏப்ரல் 25-ல்தான் கவிழ்ந்தது. "போலீஸ்காரன் மகள்" என்ற 1987-ம் வருஷத்துப் படத்தில், ஒரு பெண் பெரிய பூட்ஸுக்குள் கையை விட்டுத் துடைத்துக் கொண்டிருக்கின்றாள். கொடுங்கோன்மை வீட்டுக்குள் எப்படிக் குடியிருக்கின்றது என்பதற்கு அந்தப் பூட்ஸ் ஒன்றே போதும்.

நிற்க, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பெண்கள் தங்கள் இஷ்டப்படி கர்ப்பத்தைக் கலைத்துக்கொள்ளலாமா என்று போர்ச்சுக்கல்லில் 1998 ஜூன் 28-ல் ஜனவாக்கு எடுத்தார்கள். கத்தோலிக்கக் குருமார்கள் கூடாதென்று மும்முரமாய்ப் பிரசாரம் செய்தார்கள். வாக்காளர்களில் 100-க்கு 32 பேர் மட்டுமே வாக்களித்தார்கள். மிகச் சொற்ப வித்தியாசத்தில் "கூடாது" என்பதே ஜெயித்தது. கர்ப்பத்தைக் கலைத்துக்கொண்ட பெண்ணுக்கு 3 வருஷம் வரை சிறை என்ற சட்டம் அப்படியே நின்றது. பணமுள்ளவள் அந்நிய நாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஏழை, திருட்டு மருத்துவம் செய்பவர்களிடம் போனாள்.

இதைக் கண்டு கொதித்த அம்மையார் அடுத்த சில மாதங்களில் ஒரு படவரிசையே தீட்டினார். அவற்றில் முயல் தலை இல்லை, நாய் வேஷமுமில்லை. ஒரு கட்டில், ஒரு வாளி, வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கும் ஒரு பெண், அவ்வளவுதான். பள்ளிக்கூட உடுப்போடு இருப்பவளும் உண்டு. ரத்தம் காட்டப்படவில்லை, ஆனால் சிலர் நம்மை நேருக்கு நேர் பார்க்கிறார்கள். பணக்காரர் மாளிகையோடு படம் நின்றுவிடக் கூடாதென்று செப்புத் தகட்டில் செதுக்கிப் பல பிரதிகளும் அச்சடித்தார். 2007 பிப்ரவரி 11-ல் மறுபடியும் வாக்கெடுத்தபோது, வாக்களித்தவர்களில் 100-க்கு 59 பேர் பெண்கள் பக்கம் நின்றார்கள். 10 வாரம் வரை பெண்ணின் சொல்லே போதுமென்று சட்டம் வந்தது. படந்தான் சட்டத்தை மாற்றிற்று என்று நாம் சொல்ல வரவில்லை. மறைத்து வைத்த துயரத்தைச் சந்திக்கு இழுத்து வந்ததில் அதற்கும் பங்குண்டு என்கின்றோம்.

"கலையைப் பிரசாரமாக்கலாமா?" என்று சில ரசிகர்கள் முகம் சுளிக்கக்கூடும். நூற்றுக்கணக்கான வருஷங்களாய் மாதா கோவில் சுவர்களில் சொர்க்கத்தையும் நரகத்தையும் எழுதி வைத்தது என்ன, பிரசாரமில்லையா? குருக்கள் செய்தால் கலை, பெண் தன் வலியைச் சொன்னால் பிரசாரம் என்பது எந்த ஊர் நியாயம்?

கர்ப்பத்தடையைப் பெண்ணின் ஆரோக்கியத்துக்காக என்றும் தேச நன்மைக்காக என்றும் மற்றவர்கள் பேசிய 1930-களிலேயே, அது பெண்ணின் விடுதலைக்காக வேண்டுமென்று சொன்னது சுயமரியாதை இயக்கம். இந்தியாவில் 1971-ல் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. எனினும் அச்சட்டப்படி முடிவு டாக்டரின் அபிப்பிராயத்தில்தான் நிற்கின்றது. "எனக்கு வேண்டாம்" என்று பெண் சொல்லுவது மட்டும் இன்னமும் போதவில்லை.

ஆகவே தோழர்களே! காஸ்காய்ஸ் நகரில் 2009 முதல் அம்மையாருக்கென்றே ஒரு காட்சிசாலை இருக்கின்றது. 2021-ல் லண்டன் டேட் காட்சிசாலையிலும் அவர் படங்களைப் பெரிய அளவில் வைத்தார்கள். அப்படங்களை அச்சிலாவது காண நேர்ந்தால், அழகாயிருக்கின்றதா என்று மாத்திரம் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். அந்தக் கட்டிலில் கிடப்பவள் நம் வீட்டுப் பெண்ணானால் யாருடைய சட்டத்துக்கு அவள் பயப்பட வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.