இணையம் மெதுவாக வருகிறதா? முதலில் அளந்து பாருங்கள்



காயல்பட்டினத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கங்களில் எழுதிய மடல் இம்மாதம் நம் பகுதிக்கு வந்துள்ளது. அவருடைய கணவர் தம்மாமில் பணிபுரிகிறார். மகள் நாள்தோறும் அஸருக்குப் பின் மடிக்கணினியின் முன் அமர்ந்து, சென்னையிலுள்ள ஓர் ஆலிமாவிடம் குர்ஆன் ஓதி வருகிறார். வினாடிக்கு 100 மெகாபிட் வேகம் என்று சொல்லித்தான் வீட்டுக்கு இணைப்புக் கொடுத்தார்களாம். மடிக்கணினியில் சோதித்தால் 18க்கு மேல் ஏறுவதில்லை. ஆலிமாவின் குரல் அறுந்து அறுந்து வருவதால், தஜ்வீதில் அவர் செய்யும் திருத்தம் பாதிதான் பிள்ளையின் காதில் விழுகிறது. கணவரோ 300 மெகாபிட் திட்டத்துக்கு மாறிவிடும்படி சொல்லியிருக்கிறார். "அளவில் குறைப்போரைக் கண்டித்து அல்லாஹ் ஓர் அத்தியாயமே இறக்கியிருக்கிறானே, இவர்கள் செய்வதும் அதுதானே? இணைப்புக் கொடுத்தவர் எங்கள் தெருப் பிள்ளைதான். முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன். அதிலிருந்து அவர் எங்கள் வாசலைக்கூட மிதிப்பதில்லை" என்று எழுதுகிறார் அச்சகோதரி.

அவர் குறிப்பிடுவது 83ஆம் அத்தியாயமாகிய அல்முதஃப்பிஃபீன். நூறுக்குப் பணம் பெற்றுக்கொண்டு பதினெட்டை அளப்பவர் அந்த எச்சரிக்கைக்கு உரியவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒருவர்மீது அப்பழியைச் சுமத்துமுன், நாம் அளந்த படி சரியான படிதானா என்று பார்ப்பதும் நம்மீதுள்ள கடமையன்றோ? ஓட்டைப் படியால் அளந்துவிட்டு நெல் குறைகிறது என்றால் வியாபாரி என்ன செய்வார்?

இணையம் நம்மை வந்தடையும் வழியில் மூன்று கட்டங்கள் உள்ளன. தெருவிலிருந்து ரவுட்டர் வரை கண்ணாடி இழைக் கம்பியில் வருவது முதற்கட்டம். ரவுட்டரிலிருந்து மடிக்கணினி வரை காற்றில் வைஃபையாக வருவது இரண்டாவது. வந்ததை வாங்கிக்கொள்ளும் மடிக்கணினியின் திறன் மூன்றாவது. இணைப்புக் கொடுத்தவர் பொறுப்பேற்பது பெரும்பாலும் முதற்கட்டத்துக்கு மட்டுமே. சகோதரி அளந்த 18 என்பதோ மூன்றையும் கடந்து வந்த மிச்சம்.

முதற்கட்டத்தைத் தனியே அளக்க எளிய வழி லேன் கேபிள். ரவுட்டரின் பின்புறத்தையும் மடிக்கணினியையும் அக்கேபிளால் இணைத்து, மடிக்கணினியின் வைஃபையை நிறுத்திவிட்டு, வீட்டிலுள்ள மற்றக் கைப்பேசிகளையும் சற்று நேரம் அணைத்துவிட்டுச் சோதியுங்கள். மெல்லிய புது மடிக்கணினிகளில் இதற்கான துளை இராது, யு.எஸ்.பி.யில் செருகும் இணைப்பான் கடைகளில் கிடைக்கும். ஃபஜ்ருக்குப் பின் ஒருமுறை, இஷாவுக்குப் பின் ஒருமுறை என மூன்று நாட்கள் சோதித்து, தேதியோடு தாளில் குறித்து வையுங்கள். நூறு மெகாபிட் திட்டத்தில் 90க்கு மேல் வந்தால் கம்பி குற்றமற்றது. (இதைவிட உயர்ந்த திட்டம் வைத்திருந்தும் 94, 95இலேயே நின்றுவிட்டால், அந்தத் துளையோ கேபிளோ நூறு மெகாபிட்டுக்கு மேல் தாங்காதது என்று கொள்க. கேபிளுக்குள் எட்டு இழைகள் உண்டு. நூறுக்கு நான்கு போதும், ஆயிரத்துக்கு எட்டும் நன்றாக இருக்க வேண்டும்.)

இன்னொரு மயக்கமும் பலருக்கு உண்டு. திட்டத்தின் வேகம் மெகாபிட் கணக்கு. கோப்பு இறங்கும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்ததே ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் வினாடிக்கு 11, 12 மெகாபைட் இறங்கினால் அளவு நிறைவாகவே இருக்கிறது.

இனி வைஃபைக்கு வருவோம். நம் மக்களின் பழைய வீடுகளைக் கட்டியவர்கள் வெயிலை எண்ணிக் கட்டினார்கள். வானலையை எண்ணிக் கட்டவில்லை. சகோதரியின் வீடு முன்கட்டு, நடுக்கட்டு, பின்கட்டு என நீண்டு கிடக்கிறது. ஒன்றரை அடிக் காரைச் சுவர்கள். ரவுட்டர் முன்கட்டில் மின்சார மீட்டருக்கு அருகே இருக்கிறது. பிள்ளை ஓதுவது பின்கட்டில். முன்கட்டில் கைப்பேசியில் சோதித்தபோது 90 வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். தெருப் பிள்ளைக்குச் சாதகமான சாட்சியம் அந்த மடலிலேயே இருக்கிறது!

வைஃபை அலை பெரும்பாலும் இரு வகையில் வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களை ஓரளவு ஊடுருவித் தூரம் செல்லும். ஆனால் நெரிசல் மிக்கது. ஒன்றோடொன்று மோதாத தடங்கள் அதில் 1, 6, 11 ஆகிய மூன்றே. அண்டை வீட்டு ரவுட்டர்களும் புளூடூத்தும் அதே அலையில் இயங்குகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இரைச்சல் எழுப்புகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை மிக வேகமானது. ஆயினும் தடித்த சுவர் இரண்டைத் தாண்டுமுன் சோர்ந்துவிடும். இரும்பு பீரோ குறுக்கே நின்றாலோ இரண்டும் தடுமாறும்.

ஆகவே ரவுட்டரை நடுக்கட்டுக்கு, ஆள் உயரத்தில், திறந்த இடத்துக்கு மாற்றுவதே முதல் மருத்துவம். இழைக் கம்பியை உள்ளே நீட்டித் தருவது இணைப்புக் கொடுத்தவரின் வேலை. அவரை அழைத்து ஸலாம் சொல்லிக் கேட்பதில் சகோதரிக்குத் தயக்கம் வேண்டாம். அதுவும் போதவில்லையெனில், ரவுட்டரிலிருந்து பின்கட்டுக்கு லேன் கேபிள் இழுத்து அங்கே இரண்டாவது வைஃபைக் கருவி ஒன்றைப் பொருத்தலாம். கம்பியின்றி அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர்களை நான் அவ்வளவாகப் பரிந்துரைப்பதில்லை. வாங்கவும் கொடுக்கவும் ஒரே அலையைப் பயன்படுத்தும் மலிவு வகைகளில் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும்.

மூன்றாவது கட்டத்தை எவரும் ஐயுறுவதில்லை. மூத்த மகன் கல்லூரிக்காக எட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மடிக்கணினி அது. அக்காலத்து விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே, அதுவும் ஒற்றை ஆண்டெனாவுடன் இருக்கும். அத்தகைய கருவியின் இணைப்பு வேகம் வழக்கமான தடத்தில் 72 மெகாபிட்தான். கையில் கிட்டுவது அதில் ஏறக்குறைய பாதி. அதன் தலையில் ஆயிரம் மெகாபிட்டைக் கொட்டினாலும் அது வாங்கிக்கொள்ளாது. இதை அறிய விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்டு இண்டர்நெட், வைஃபை எனச் சென்று, இணைந்துள்ள வைஃபையின் பெயருக்குரிய ப்ராபர்ட்டீஸைத் திறந்தால், எந்த அலை, எவ்வளவு இணைப்பு வேகம் என்பது எழுதியிருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் இல்லாத மடிக்கணினிக்கு, இரு அலைகளையும் ஏற்கும் யு.எஸ்.பி. வைஃபைக் கருவி ஒன்று வாங்கிச் செருகினால் போதும். புது மடிக்கணினி தேவையில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒருவருக்கொருவர் முகம் பார்த்துப் பேசும் வகுப்புக்கு வினாடிக்கு 4 மெகாபிட் இருந்தாலே தாராளம். அப்படியிருக்க 18 வந்தும் குரல் அறுவானேன்? வேகம் குறைவு என்பதால் அன்று. வருவது சீராக வரவில்லை என்பதால். பின்கட்டில் அலை தேய்ந்து போவது ஒரு காரணம். மற்றொன்று, வீட்டார் அறியாமல் வெளியே செல்லும் சுமை. வைஃபை கிடைத்தவுடன் கைப்பேசிகள் தம்மிலுள்ள நிழற்படங்களை எல்லாம் மேலே அனுப்பத் தொடங்குகின்றன. கல்யாண வீட்டுக்குச் சென்று வந்த மறுநாள் கேட்கவே வேண்டாம். மடிக்கணினியும் ஒன்டிரைவ், விண்டோஸ் அப்டேட் என்று தன் பங்குக்கு இழுக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் என்ற பத்தியைப் பார்த்தால் இழுப்பது எதுவெனத் தெரியும். ஓதும் நேரத்தில் இவற்றை நிறுத்தி வையுங்கள். மடிக்கணினியைச் சார்ஜரில் இணைத்தே பயன்படுத்துங்கள். பேட்டரியைச் சேமிக்கும் பொருட்டுச் சில கணினிகள் வைஃபையின் சக்தியைக் குறைத்துவிடும்.

தம்மாமிலிருந்து வரும் அழைப்பு தடுமாறுவதற்குக் காயல்பட்டினத்தில் மட்டும் காரணம் தேடுவதும் சரியன்று. அங்கே ஓர் அறையில் பலர் ஒரே வைஃபையைப் பகிர்ந்துகொள்கிறார்கள் எனில், இரவுப் பொழுதில் அவர் பங்குக்குக் கிடைப்பது சொற்பமாகவே இருக்கும்.

300 மெகாபிட் திட்டத்துக்கு இப்போது மாற வேண்டாம் என்பதே என் கருத்து. கணவர் வெயிலில் நின்று ஈட்டும் பணம், வாங்க இயலாத கருவிக்கு மாதந்தோறும் போய்ச் சேர வேண்டியதில்லை.

இனி, கேபிளில் அளந்தும் குறைகிறவர்களுக்கு. ரவுட்டரில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ, மெல்லிய இழைக் கம்பி கூர்மையாக மடங்கியிருந்தாலோ உடனே ஆளை வரவழையுங்கள். மாத இறுதியில் மட்டும் குறைந்தால் திட்டத்தின் அளவு தீர்ந்ததா என்று பாருங்கள். ஃபஜ்ருக்குப் பின் 95, இஷாவுக்குப் பின் 20 என நாள்தோறும் இருந்தால், அது கொடுப்பவரின் குறையாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஒரே இழையின் ஏறத்தாழ 2,500 மெகாபிட் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. அந்த இழைக்கோ, அதற்குப் பின்னால் உள்ள பெரு வழிக்கோ கொள்ளளவை மீறி ஆள் சேர்த்தால் இரவில் எல்லோருக்கும் குறையும்.

அப்போது தாங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். விளம்பரத்தில் "100 வரை" என்றுள்ள அந்த "வரை"யைக் காட்டி அவர்கள் நழுவப் பார்ப்பார்கள். இந்திய அரசு அகன்ற அலைவரிசைக்கு வகுத்துள்ள குறைந்தபட்ச வேகம் 2004இல் வினாடிக்கு 256 கிலோபிட்டாக இருந்து, 2023இல்தான் 2 மெகாபிட் ஆயிற்று. ஆகவே அதைக் காட்டி வாதிடுவதில் பயனில்லை. தாங்கள் தேதியோடு குறித்து வைத்த தாளே தங்கள் சாட்சி. பில்லில் பெயருள்ள நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்தில் முறையிட்டு, முறையீட்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீரவில்லையெனில் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அதற்குப் பின்னும் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தொலைத்தொடர்பையும் ஒரு சேவையாகப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.