மணல்மேடு தரிசு நிலமன்று!

நெல்லியடிச் சந்தியிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்வோர் வல்லிபுரத்தை அடைந்ததும் வேறோர் உலகைக் காண்பர். வெங்காயத் தோட்டங்கள் பின்னே நிற்க, வெண்மணற் குன்றுகள் கடல்வரை விரிந்து கிடக்கின்றன. புரட்டாதித் திங்களில் வல்லிபுர ஆழ்வார் கடல் தீர்த்தமாட எழுந்தருளும்போது, வடமராட்சி மக்கள் திரண்டு அம்மணலைக் கடந்து செல்கின்றனர். அன்று எவரும் எவரிடத்தும் அனுமதி கேட்பதில்லை. காணி உறுதி காட்டுவதுமில்லை. அந்நிலம் எல்லார்க்கும் உரியதென்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயினும், உறுதியில்லாத நிலமெல்லாம் உரிமையாளரில்லாத நிலம் என்னும் கொள்கை இந்நாட்டிலே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால், பயிரிடப்படாத நிலத்தையும் காட்டையும் முடிக்குரியன என்று கொண்டது வெள்ளையராட்சி. அந்நிலங்கள் கோப்பித் தோட்டத் துரைமார் கைக்குப் போயின. அன்று கோப்பி, இன்று உல்லாச விடுதி. பயிர்தான் மாறியதேயன்றிப் பறிக்கும் முறை மாறவில்லை. 2025 மார்ச்சில் வடபகுதியில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு மூன்று மாதத்துள் உரிமை நாட்டுக என வர்த்தமானி வெளிவந்ததையும், யூனில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்ததையும் நம்மவர் மறந்திரார்.

சுண்டிக்குளத்தை நோக்குவோம். 1938-இல் சரணாலயமாகவும் 2015-இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்ட இடம் அது. பூநாரைகள் வந்திறங்கும் களப்பு. மீனவர் வலைவீசும் களப்பு. 2009-இல் போர் ஓய்ந்தபின் அக்களப்பின் ஓரத்திலே இராணுவத்தினர் நடத்தும் உல்லாச விடுதி எழுந்தது. நாட்டைக் காக்கும் படைக்கு விடுதி நடத்தும் வேலை எதற்கு? சரணாலயம் என்பது பறவைக்கா, பணம் படைத்த விருந்தினர்க்கா?

இது தமிழர்க்கு மட்டும் நேர்ந்த இடரன்று. கிழக்குக் கரையிலே, பாணமையிற் பயிர் செய்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த சிங்கள மக்கள் 2010-இல் விரட்டப்பட்டனர். அங்கும் கடற்படையின் விடுதி தோன்றியது. காணியின் ஒரு பகுதியை மீளக் கொடுக்க 2015-இல் அமைச்சரவை தீர்மானித்த பின்னரும் அம்மக்கள் போராட நேர்ந்தது. பொதுநிலத்தை விழுங்கும் வாய்க்கு இனபேதம் இல்லை.

நிற்க. விடுதிகள் வந்தால் வேலை கிடைக்கும், ஊர் வளம் பெறும் என்பார் உளர். அன்னார்க்கு ஒரு கணக்கைக் கூற விரும்புகின்றோம். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறில்லை. மாரி மழை நிலத்தினுள் இறங்கி, உவர்நீரின்மீது மிதக்கும் நன்னீரே நம் கிணறுகளின் உயிர். நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்தால், அடியிலுள்ள உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலெழக்கூடும் என்பது நிலத்தடி நீரை ஆய்ந்தோர் கண்ட கணக்கு. மழைநீரை வடித்து உள்ளே சேர்ப்பது மணல்மேடு. அதனைத் தட்டையாக்கி, நீச்சற் குளத்துக்கு இரவும் பகலும் நீரிறைத்தால், விடுதியிற் பத்துப்பேர் வேலை பெறும்பொழுது, எத்தனை கமக்காரர் கிணறு உவராகித் தோட்டத்தை இழப்பர்? மேலும், மணல் ஓரிடத்தில் நிற்பதன்று. மணற்காட்டிலே மணலுட் புதையுண்ட பழைய தேவாலயம் அங்கே கட்டடம் எழுப்ப எண்ணுவோர்க்கு எச்சரிக்கையாக நிற்கின்றது.

நம் உறவினர் பலர் வாழும் கனடாவிலிருந்து ஒரு பாடம் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஜம்போ பள்ளத்தாக்கிலே பனிச்சறுக்கு விளையாட்டுக்கென ஒரு பெரும் விடுதிநகர் அமைக்க 1991-இல் திட்டமிட்டனர். க்துனாஹா என்னும் ஆதிக்குடிகள் அது தம் புனித நிலம் என்று எதிர்த்தனர். 2017-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்திலே தோற்றனர், எனினும் ஓயவில்லை. ஊராரும் இயற்கை ஆர்வலரும் உடன் நின்றனர். 2020-இல் திட்டம் கைவிடப்பட்டது, நிலம் காக்கப்பட்டது. நீதிமன்றில் தோற்றாரும் நிலத்தைக் காத்தனர்.

சுற்றுலாவை நாம் வெறுப்பவரல்லர். விருந்தினர் வருக, நெல்லியடியிலும் பருத்தித்துறையிலும் தங்குக, நம்மவர் கடைகளில் உண்க, மணலில் நடந்து கடலைக் கண்டு மகிழ்க. ஆனால், மணல்மேட்டிலும் களப்புக் கரையிலும் சரணாலயத்திலும் புதிய விடுதிக்கு ஓர் அங்குலமும் குத்தகைக்கு விடலாகாது. கரையோரத்தில் 300 மீற்றர் எல்லைக்குள் கட்டடம் எழுப்ப அனுமதி வேண்டும் என்னும் சட்டம் ஏட்டில் உறங்கலாகாது. பொதுநிலம் பற்றிய எம்முடிவும் பிரதேச சபையிலும், கமக்காரர், கடற்றொழிலாளர் சங்கங்களிலும் பகிரங்கமாக ஆராயப்பட்ட பின்னரே எடுக்கப்படல் வேண்டும்.

சட்டமறிந்தோரே, பொறியியலாளரே, ஆசிரியரே! உங்கள் அறிவை மனுவாக்குங்கள். கமக்காரரே! உங்கள் கிணற்று நீரைச் சாட்சியாக்குங்கள். வேலி எழுந்தபின் கூக்குரலிட்டுப் பயனில்லை. ஆழ்வார் தீர்த்தமாடச் செல்லும் வழியிலே வாயிற்காவலன் நின்று அனுமதிச்சீட்டுக் கேட்கும் நாள் வரலாகாது. அதனைத் தடுப்பது நம் கையிலேயே உள்ளது.