குளியலறைக் கயிறும் மெக்கர் முள்ளும்

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியிலும், கரமனையிலும், சாலைக் கடைத்தெருவின் பின்புறத்திலும் பழைய வீடுகளில் குடியிருக்கும் நம் அன்பர்கள் பலர். மேலே ஓட்டுக் கூரை. அதன் கீழே தேக்கிலோ அயனியிலோ பலகை அடித்த மச்சு. கோடையில் குளிர்ச்சிக்குக் குறைவில்லை. ஆயின், அந்த மச்சின் மேல் மின்கம்பிகள் எந்நிலையில் கிடக்கின்றன என்பதை எலிகளே அறியும்.

இந்நகரில் மின்விளக்கு எரியத் தொடங்கியது 1929-இல். பவர் ஹவுஸ் ரோடு என்னும் பெயர் அந்நாளை இன்னும் நினைவூட்டுகின்றது. பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-இல் இயங்கலாயிற்று. அக்காலத்துக் கம்பிகளுக்கு ரப்பர் உறையும், அதன்மேல் நூற்பின்னலும் உண்டு. ஆண்டுகள் பல கழிந்தபின் அவ்வுறை அப்பளம் போல நொறுங்குகின்றது. தொடாத வரையில் ஒழுங்காக இருப்பது போலவே தோன்றும்; திருகாணியைக் கழற்றினால் கையோடு உதிர்ந்துவிடும். இதுவே சோதனை செய்ய வருபவருக்கு முதல் இடர்ப்பாடு.

எமது இல்லத்தில் முன்பு வாழ்ந்த பெரியவர் இங்கிலாந்தில் பணிபுரிந்து திரும்பியவர். அந்நாட்டு வழக்கப்படி, குளியலறையின் மச்சுப் பலகையில் ஒரு ஸ்விச்சைப் பொருத்தி, அதிலிருந்து கயிறு தொங்கவிட்டார். ஈரக்கை ஸ்விச்சைத் தீண்டலாகாது என்பதே அதன் நோக்கம். நம் ஊரார் அதே கருத்துடன் ஸ்விச்சைக் குளியலறைக்கு வெளியே வைத்துவிடுகின்றனர். பெரியவரின் ஏற்பாட்டிலும் பிழையில்லை. பிழை எம்முடையதே. கயிறு இற்றுப்போனபோது, அழுக்கேறாமல் இருக்குமே என்று பித்தளைச் சங்கிலியை மாட்டினோம்! கயிற்றின் பயன் அது மின்சாரத்தைக் கடத்தாமையில் இருந்தது என்பதை மறந்தோம்.

ஆடி மாதத்து மழைநாள் ஒன்றில், எம் அன்னையார் குளித்து முடித்து விளக்கை அணைக்கச் சங்கிலியைப் பற்றியபோது, கையில் 'சுரீர்' என்றது. "வயசாச்சு, நரம்புத் தளர்ச்சியாயிருக்கும்" என்று அவர்களே காரணமும் கூறிவிட்டார்கள். இரண்டாம் நாளும் அவ்வாறே நிகழ்ந்தது. எமக்கு உறக்கம் வரவில்லை.

ஒயர்மேன் தம்பி ஒருவர் வந்தார். பகற்பொழுது, விளக்கு எரியவில்லை. டெஸ்டரைச் சங்கிலியில் வைத்தார்; அது ஒளிரவில்லை. பின்னர் முறைப்படி மெயினை நிறுத்தி, பல்புகளைக் கழற்றிவிட்டு, மெக்கர் கருவியால் 500 வோல்ட் செலுத்தினார். கம்பிக்கும் பூமிக்கும் இடையே ஒரு மெகோமேனும் தடை இருத்தல் வேண்டும். முள் 20-க்கு மேல் நின்றது. "சார், லைன் நல்லா இருக்கு. அம்மா பயப்பட வேண்டாம், ஈ.எல்.சி.பி. இருக்கே" என்று கூறிப் புறப்பட்டார். அன்று மாலையே அன்னையாருக்கு மீண்டும் 'சுரீர்'!

மறுநாள் அவரையே அழைத்தோம். தம் கருவி பொய் சொல்லாது என்றார். அது மெய்யே. ஆனால் அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி அரைகுறை. சுவரில் உள்ள ஸ்விச்சைப் பார்த்தவுடனே அது போட்டிருக்கிறதா, அணைத்திருக்கிறதா என்று கூறிவிடலாம். கயிற்று ஸ்விச்சோ, ஒரே இழுப்பில் போடவும் மறு இழுப்பில் அணையவும் செய்வது. மெயினை நிறுத்தியபின் அது எந்நிலையில் உள்ளதென்று கண்ணுக்குத் தெரியாது. அணைந்த நிலையில் இருந்தால், பல்பும் கழற்றப்பட்டிருக்கையில், ஸ்விச்சிலிருந்து விளக்குக்குச் செல்லும் கம்பி சோதனைக்கே உட்படுவதில்லை. முதல் நாள் நடந்தது அதுதான். ஸ்விச்சு வரை வரும் கம்பி பின்னாளில் மாற்றப்பட்ட புதுக்கம்பி. அதைத்தான் மெக்கர் புகழ்ந்தது.

சங்கிலியை ஒரு முறை இழுத்துவிட்டு மீண்டும் சோதிக்கச் சொன்னோம். முள் ஒரு மெகோமுக்கு மிகக் கீழே விழுந்தது. தம்பியின் முகமும் வாடியது. ஏணி வைத்து, மச்சின் மேல் ஏறிப் பார்த்தால், எலி கடித்த பழைய கம்பி, ஓட்டு ஒழுக்கில் நனைந்த பலகைமேல் படிந்து கிடந்தது. ஈரப்பலகை வழியாகக் கசிவு ஸ்விச்சின் உலோகப் பகுதிக்கும் சங்கிலிக்கும் வந்திருக்கின்றது. விளக்கு எரிகையில் மட்டும்.

ஈ.எல்.சி.பி. ஏன் வாளாவிருந்தது என்று வினவுவோர் உண்டு. வீடுகளில் உள்ளது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் அளவினது. கையைச் சுரீரென வைக்கும் கசிவு ஓரிரு மில்லி ஆம்பியரே. அதற்கு அது விழாது. அதன் சோதனைப் பொத்தானை அழுத்துவதும் அக்கருவியைச் சோதிப்பதேயன்றி, மச்சின் மேலுள்ள கம்பியைச் சோதிப்பதாகாது.

இன்னொன்று. பங்குனி வெயிலில் பலகை காய்ந்திருக்கும்போது இதே கம்பி தேர்ச்சி பெற்றிருக்கக்கூடும். நம் ஊரிலோ இடவப்பாதியும் துலாவர்ஷமும் என ஆண்டுக்கு இரு மழைக்காலம். ஆகவே பழைய மச்சு வீட்டு அன்பர்கள், உரிமம் பெற்ற ஒயர்மேனை மழை நாளிலேயே அழைப்பார்களாக. கயிற்று ஸ்விச்சு இருப்பின், ஒரு முறை இழுத்தும், மறுமுறை இழுத்தும், இருமுறை அளக்கச் சொல்லுங்கள். அளக்குமுன் எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர் முதலியவற்றைப் பிரித்துவிடுவதும் அவசியம். 500 வோல்ட்டில் அவை கெட்டுவிடும். வாடகை வீடாயின், அளவைத் தாளில் எழுதி வாங்கி வீட்டுக்காரரிடம் காட்டுங்கள்.

எம் வீட்டில் கம்பியை மாற்றி, ஸ்விச்சையும் கதவுக்கு வெளியே கொணர்ந்துவிட்டோம். ஓட்டு ஒழுக்கைச் சரிசெய்ய வருவதாகச் சொன்ன கொத்தனார்தாம் இன்னும் வந்தபாடில்லை.